வீட்டுச் சாப்பாடும் நான்கு அபிப்பிராயங்களும்

உணவைப் பற்றிப் பேச உமக்கு என்ன தகுதி என்று நேயர்கள் என்னைக் கேட்கலாம். நான் வைத்தியன் அல்லன். உணவு நூல் கற்றவனும் அல்லன். கலைப் பாடங்களில் பட்டம் பெற்று, தலைநகரில் மத்திய அரசின் அலுவலகம் ஒன்றில் ஆங்கிலத்தைத் தமிழாக்கும் பணியில் இருப்பவன். ஆயினும், எது நல்ல உணவு என்று ஓயாமல் வாதாடும் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அந்த வாதத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றே. அதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நான்கு அபிப்பிராயங்கள் உண்டு. முதலாவது என் தாயாருடையது. சோறு, குழம்பு, ரசம், மோர், முதற் கவளத்துக்கு ஒரு கரண்டி நெய், இவற்றை மிஞ்சிய உணவு உலகில் இல்லை என்பது அவருடைய முடிவு. எழுபது வயதைக் கடந்தும் மூன்றாவது மாடிக்குத் தாம் படியேறி வருவதை அதற்குச் சான்றாகக் காட்டுவார். இரண்டாவது, கல்லூரியில் படிக்கும் என் மகனுடையது. சோறு உடம்பைப் பருக்க வைக்கும், புரதம் ஒன்றே பலம் தரும் என்பது அவன் கட்சி. தேகப்பயிற்சி செய்யும் இடத்தில் யாரோ சொல்லக் கேட்டு, புரதப் பொடி டப்பா ஒன்று வாங்கித் தரும்படி என்னை நச்சரித்து வந்தான். மூன்றாவது, அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாருடையது. கோதுமை ரொட்டியும் பாலும் தயிரும் உண்ணாமல் நாங்கள் எப்படி உயிர் வாழ்கிறோம் என்று அவருக்கு இன்றளவும் வியப்பு. அவர் எங்கள் வீட்டாரில் ஒருவர் போலவே பழகுவதால் அவருடைய அபிப்பிராயத்தையும் எங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

நான்காவது என்னுடையது. ஒரு சமயம், சமச்சீர் உணவைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பு ஒன்று தமிழாக்கத்துக்காக என் மேஜைக்கு வந்தது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிந்துரைகளைத் தழுவியது அது. ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுபவர்க்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், கீரையும் காய்களும் 400 கிராம், பழம் 100 கிராம், கொட்டை, விதை வகைகள் 35 கிராம், எண்ணெயும் நெய்யும் சேர்ந்து 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. இந்தக் கணக்கைத் தமிழில் எழுதி முடித்ததும், உணவின் இரகசியம் முழுவதும் எனக்கு வசமாகிவிட்டது என்ற எண்ணம் உண்டாயிற்று. அதைத் தாளில் எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். அன்றுமுதல் எங்கள் வீட்டில் வாதம் வலுத்தது.

இவற்றுள் எது சரி? பார்க்கப்போனால், இந்த வழக்கு எங்கள் வீட்டில் பிறந்ததன்று. 1918ஆம் ஆண்டில், நீலகிரியிலுள்ள குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய்வதற்கென்று ஒரு சிறிய பிரிவு தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர் ராபர்ட் மக்காரிஸன் என்ற வைத்தியர். அந்தச் சிறிய பிரிவுதான் வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. மக்காரிஸன் குன்னூரில் ஒரு விசித்திரமான சோதனை செய்தார். நம் நாட்டின் பல பகுதி மக்களும் உண்ணும் உணவை அந்தந்த முறைப்படியே அமைத்து, எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டி வளர்த்தார். சீக்கியரின் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. சென்னை மாகாணத்து ஏழை மக்களின் சோற்றுணவை உண்டவையோ மெலிந்தும் நோயுற்றும் பின்தங்கின.

இதைக் கேட்டால் எங்கள் பஞ்சாபி அம்மையார் வெற்றி முரசு கொட்டிவிடுவார். ஆனால் அந்தத் தட்டுகளைச் சற்று உற்று நோக்குதல் வேண்டும். சீக்கியரின் தட்டில் கோதுமை மட்டுமா இருந்தது? பாலும், வெண்ணெயும், பருப்பும், பச்சைக் காய்களும் இருந்தன. மற்றதில் தீட்டிய அரிசி மிகுதி; பாலும் பருப்பும் காயும் அற்பம். குறை அரிசியில் மட்டும் இல்லை. அரிசிக்குத் துணையாக ஒன்றும் வராததிலும் இருந்தது. அரிசியைத் தவிட்டோடு உண்டாலும், புழுக்கி உண்டாலும், பெரிபெரியைத் தடுக்கும் வைட்டமின் பெரும்பாலும் நிற்கிறது என்பதையும் குன்னூர் ஆராய்ச்சிகள் தெளிவாக்கின. புழுங்கலரிசி உண்ட நம் முன்னோர் வைட்டமின் என்ற சொல்லை அறியார். ஆயினும் அதன் பயனை அடைந்தனர்.

அரிசியா கோதுமையா என்ற வழக்குக்கு அண்மையில் கிடைத்த விடையும் இதை ஒட்டியே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியரின் உணவை ஆராய்ந்த முடிவுகள் 2025ஆம் ஆண்டில் வெளியாயின. நம் மக்கள் பெறும் சக்தியில் ஏறக்குறைய 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறதாம். அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்துக்கொண்டால் மட்டும் நீரிழிவின் அபாயம் குறைவதாகக் காணவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, பால், தயிர் போன்றவற்றின் புரதத்தை வைத்தவர்களிடமே அபாயம் குறைவாகக் காணப்பட்டது. மூன்று கரண்டி சோற்றை நான்கு சப்பாத்தியாக மாற்றிவிட்டு, நாம் திருந்திவிட்டோம் என்று மகிழ்வதில் பொருளில்லை.

ஆக, புரதம் வேண்டும் என்ற மட்டில் என் மகன் சொன்னது சரி. அதற்குப் பொடி டப்பா வேண்டும் என்றது சரியன்று; உடம்பை வளர்ப்பதற்காக அத்தகைய பொடிகளை உண்ண வேண்டா என்றே தேசிய நிறுவனம் கூறுகிறது. என் தாயார் சொன்னதிலும் உண்மை உண்டு. அரிசியும் உளுந்தும் சேர்ந்த தோசையில், ஒன்றில் குறையும் புரதக் கூற்றை மற்றொன்று நிரப்புகிறது. பொங்கலும் அப்படியே; அடுத்த வீட்டு ராஜ்மாவும் சோறும் அப்படியே. நெய்யில் அளவு வேண்டும், அவ்வளவுதான். இவ்வாறு நால்வருக்கும் பாதி வெற்றி அளித்துத் தீர்ப்புக் கூறிவிட்டு, நான் மிகவும் திருப்தியோடு இருந்தேன்.

இவ்வளவு வாதத்திலும் ஒருவர் மட்டும் வாய் திறக்கவில்லை. அவர்தாம் நாள்தோறும் சமைப்பவர், என் மனைவி. அவளுக்கு அபிப்பிராயம் ஒன்றும் இல்லை என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். கேட்டதும் இல்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், காய்கறிப் பையுடன் வந்தவள் இரண்டாவது மாடியிலேயே படியில் அமர்ந்துவிட்டாள். மூச்சு வாங்கிற்று. சில மாதங்களாகவே அப்படித்தான் என்றும், வயது ஆகிறது என்று விட்டுவிட்டதாகவும் சொன்னாள். மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இரத்தத்தைச் சோதித்ததில், 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் அவளுக்கு 9 கிராம்கூட இல்லை.

மருத்துவ அம்மையார் அவளை நோக்கி, "நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள்?" என்று இந்தியில் கேட்டார்.

என் மனைவி சற்று யோசித்து, "மிஞ்சியதை" என்றாள்.

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு உள்ளபடி விடை சொன்னாள். நான்தான் தலை நிமிர முடியாமல் உட்கார்ந்திருந்தேன். உணவுப் பட்டியல்களில் அரிசிக்குக் கணக்கு உண்டு; அவரைக்காய்க்குக் கணக்கு உண்டு. மிஞ்சியது என்ற பதார்த்தத்துக்குக் கணக்கு இல்லை. சுவரில் நான் ஒட்டிய தாளின் கீழே நின்று சமைத்தவளுக்கு அந்தத் தாளிலிருந்து ஒரு நாளும் ஒன்றும் கிடைக்கவில்லை.

மிஞ்சுவது எது என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் உண்டு எழுந்த பிறகு பொரியல் மிஞ்சுவதில்லை. கூட்டில் பருப்பு மிஞ்சுவதில்லை. தயிர், மகனுக்கு இரண்டாம் முறை போய்விடும். சோறு மிஞ்சும், தெளிந்த ரசம் மிஞ்சும். பிறகு களைப்புத் தீர ஒரு டம்ளர் காப்பி. மக்காரிஸன் குன்னூரில் எந்த உணவை மிகக் குறைந்ததென்று கண்டாரோ, ஏறக்குறைய அந்த உணவே, பருப்பும் காயும் பாலும் குறைவின்றி வாங்கும் ஒரு வீட்டில், ஒருத்தியின் தட்டில் மட்டும் நாள்தோறும் விழுந்துகொண்டிருந்தது. வீட்டில் சமைத்தது நல்ல உணவுதான். அது எல்லோரையும் சென்று சேரவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் என்று நினைக்க வேண்டா. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதத்தினருக்கு இரத்தசோகை இருந்தது. அதே வயதுள்ள ஆண்களில் 25 சதவிகிதம். இதற்குக் காரணம் பல. மாதந்தோறும் நேரும் இரத்த இழப்பு, பிள்ளைப்பேறு, குடற்புழு, வேறு சில சத்துக் குறைகள் எல்லாம் சேரும். கடைசியில் உண்பது ஒன்றே காரணம் என்று நான் கூறமாட்டேன். ஆனால் மற்றவற்றுக்கு மருத்துவரை நாட வேண்டும். இதை நாமே நிறுத்தலாம்.

மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரைகள் கொடுத்தார். குறை இவ்வளவு முற்றிய பின் உணவினால் மட்டும் அதை நிரப்ப இயலாது, மாத்திரை அவசியம் என்றார். உணவைப் பற்றி அவர் சொன்னவை எளியவை. கீரையும் பயறும் தினமும் வேண்டும்; அவற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அவற்றிலுள்ள இரும்பு உடம்பில் நன்கு ஏறும். காப்பி, தேநீர் இவற்றைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளி அருந்த வேண்டும். அவை இரும்பை உடம்பில் ஏறவிடாமல் தடுக்கும். பயறுகளை ஊறவைத்து முளைகட்டி உண்பது நல்லது. புலால் உண்பவர்க்கு இறைச்சியிலுள்ள இரும்பு இன்னும் எளிதில் சேரும். டில்லியில் முருங்கைக்கீரை அரிது என்று நாங்கள் குறைப்பட்டபோது, அடுத்த வீட்டு அம்மையார் குளிர்காலச் சந்தையில் குவியும் வெந்தயக்கீரையையும் கடுகுக்கீரையையும் காட்டி, சமைக்கும் பக்குவமும் சொல்லிக்கொடுத்தார். அன்று அவர் கோதுமையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இவற்றைவிடக் கடினமாக இருந்தது உட்காரும் முறையை மாற்றுவது. எல்லோரும் ஒன்றாக உட்கார்வோம் என்று நான் சொன்னபோது, என் தாயார், "நாங்களெல்லாம் அப்படித்தானேடா இருந்தோம்? எங்களுக்கு என்ன வந்துவிட்டது?" என்றார். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். என்னைப் பெற்ற பிறகு தாம் ஒரு வருஷம் எழுந்து நடமாட முடியாமல் இருந்த கதையை அன்று இரவு தாமாகவே சொன்னார். அது சோகை என்று அந்நாளில் யாரும் சொல்லவில்லையாம். மறுநாள் காலையில் பொரியலை இறக்கியதும் அவரே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்து, "இது அவளுக்கு; ஒருவரும் தொடாதீர்கள்" என்றார். சுவரில் ஒட்டிய தாள் செய்யாத காரியத்தை அந்தக் கிண்ணம் செய்தது.

இப்போது இரவில் பாத்திரங்களை நடுவில் வைத்து ஐவரும் உட்கார்கிறோம். சப்பாத்தியானால் முன்னதாகவே இட்டு வைக்கிறோம். சில நாட்கள் அவள் எழுந்துவிடுகிறாள். பழக்கம் எளிதில் போவதில்லை. அன்று கிண்ணம் உதவுகிறது. சில மாதங்களில் இரத்தத்தின் அளவு 11ஐத் தாண்டியது. இன்னும் 12ஐ எட்டவில்லை. மகளும் எங்களோடு உட்கார்ந்து இவற்றைக் கவனிக்கிறாள். அவள் நாளை மிஞ்சியதை உண்ணும் பெண்ணாக ஆகமாட்டாள் என்று நம்புகிறேன்.

வாதம் இன்னும் ஓயவில்லை. சோறா ரொட்டியா என்ற பேச்சு நேற்றும் நடந்தது. ஆனால் இப்போது ஐந்தாவது அபிப்பிராயம் ஒன்றும் உண்டு. தனக்கு ரசத்தைவிடக் கூட்டுத்தான் பிடிக்கும் என்று என் மனைவி சொன்னாள். மணமாகி இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அதை நாங்கள் தெரிந்துகொண்டோம்.

நேயர்களே, நல்ல உணவைப் பற்றி நூல்களும் அறிஞர்களும் கூறுவன பல. அவற்றைக் கேளுங்கள், அவை பயனுள்ளவை. ஆனால் எந்த அபிப்பிராயத்தைக் கைக்கொள்வதற்கும் முன்னால், இன்று இரவு உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார், அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்.