பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடும் முன்

(சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் கொடுத்திருப்பது பதினைந்து நிமிடம். ப்ரொஜெக்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேஜை மேல் இருக்கும் இந்த லேப்டாப் போதும். 2014-இல் வாங்கியது, 4 ஜிபி ராம். மூடியில் ஒரு பக்கம் உடைந்து செல்லோடேப் ஒட்டியிருக்கிறேன். இன்று காலை கரண்ட் பில் கட்டியது இதில்தான்.

சென்ற மாதம் மின்கழிவு சேகரித்தபோது வாசலில் குவிந்த கம்ப்யூட்டர்களைப் பார்த்திருப்பீர்கள். "ஏன் சார் போடுறீங்க?" என்று கேட்டேன். பலர் சொன்ன பதில், "விண்டோஸ் 11 ஏற மாட்டேங்குது." உண்மைதான். விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றன. தனியாகப் பதிவு செய்துகொள்பவர்களுக்கு ஓராண்டு அவகாசம் அறிவித்தார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசசராவது வேண்டும். அதற்கு முந்தைய மெஷின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாசலுக்குப் போகிறது. அப்படியே விண்டோஸ் 10-இலேயே தொடர்ந்து நெட் பேங்கிங் செய்வது, பூட்டு பழுதான கதவைச் சாத்திவிட்டு ஊருக்குப் போவது மாதிரி.

இன்னொரு வழி லினக்ஸ். 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. காசு கிடையாது, லைசென்ஸ் கீ கிடையாது. புதிதென்று பயப்பட வேண்டாம், உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். கேரளத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பல ஆண்டுகளாக இதில்தான் படிக்கிறார்கள்.

லினக்ஸில் பல வகை உண்டு. எது சிறந்தது என்று கேட்டால் இங்கேயே சண்டை வரும். நான் சொல்வது லினக்ஸ் மின்ட். விண்டோஸ் பழகிய கை தேடும் மெனு, தேடும் மூலையிலேயே இருக்கும். 4 ஜிபி ராம் போதும். ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆபீஸும் கூடவே வந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. 8 ஜிபி பென் டிரைவில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் மின்ட்டை எழுதுங்கள். அந்த பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும், காலியானதை எடுங்கள். அதைச் செருகி, கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் எஃப்12 அழுத்துங்கள். சில கம்பெனிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப். பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் மின்ட் அதிலிருந்தே ஓடும். ஹார்ட் டிஸ்க்கை நீங்களாகத் தொடாதவரை அதில் எதுவும் மாறாது. கொஞ்சம் மெதுவாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வைஃபை வருகிறதா, ஸ்பீக்கர் கேட்கிறதா, பிரின்டர் ஒரு பக்கமாவது அடிக்கிறதா என்று பாருங்கள். பிடிக்கவில்லையா, ஷட் டவுன் செய்து பென் டிரைவை உருவிவிடுங்கள். உங்கள் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

நிறுவுவதுதான் வேறு கதை. நான் முதலில் கை வைத்தது என் மனைவியின் லேப்டாப்பில். 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்று ஆங்கிலத்தில் தெளிவாகத்தான் கேட்டது. அழிவது விண்டோஸ் இருக்கும் சி டிரைவ் மட்டும் என்று நினைத்தேன். டி டிரைவ் ஏதோ தனிப் பெட்டி என்று நம்மில் பலருக்கும் ஒரு நம்பிக்கை. அந்த லேப்டாப்பில் இரண்டும் ஒரே டிஸ்க்கில் போட்ட பாத்திகள்தான். என் மாமனாரின் கடைசி இரண்டு வருடப் போட்டோக்கள் அந்த டி டிரைவில் இருந்தன. உறவினர்களின் வாட்ஸ்அப்பிலிருந்து பதினொரு படங்கள் திரும்பக் கிடைத்தன. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இன்றும் அந்தப் பேச்சு வந்தால் நான் காபி போடப் போய்விடுவேன்.

அதனால்தான் சொல்கிறேன், வெளி ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகல் எடுங்கள். எடுத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகுதான் நிறுவும் பொத்தான்.

நகல் எடுக்கும்போது எழுத்துருக்களையும் மறக்காதீர்கள். நம் சங்கத்தின் பழைய தீர்மானங்கள் பாமினியில் டைப் செய்தவை. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து மின்ட்டில் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். யூனிகோடில் டைப் செய்தவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டு முறையிலும் தட்டச்சு செய்யலாம். இன்புட் மெத்தட் அமைப்பில் ஒருமுறை சேர்த்தால் போதும்.

யார் மாறக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டேலியில் கணக்கு எழுதுபவர்கள், ஃபோட்டோஷாப்பில் சம்பாதிப்பவர்கள், யுஎஸ்பி டோக்கனில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் ஆடிட்டர்கள். டோக்கனை லினக்ஸில் ஓட்ட முடிந்தாலும், ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாளில் அதோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பேங்க், பில், மெயில், யூடியூப், பேரப்பிள்ளையோடு வீடியோ கால், இவ்வளவுதான் உங்கள் உபயோகம் என்றால் தாராளமாக மாறலாம்.

என்னிடம் இரண்டு பென் டிரைவ் தயாராக இருக்கிறது. வரும் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு இதே ஹாலில் இருப்பேன். லேப்டாப்பையும் சார்ஜரையும் எடுத்து வாருங்கள், ஓட்டிப் பார்க்கலாம். நிறுவ வேண்டும் என்பவர்கள் நகல் எடுத்த ஹார்ட் டிஸ்க்கையும் கொண்டு வாருங்கள். அது இல்லாமல் வந்தால் நிறுவித் தர மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.