நிலா வந்தாளா, வந்ததா?



இலக்கணம் பேச அழைக்கப்பெற்ற நாம் திரைப்படத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். காரணம் ஒரு கட்டுரை ஏடு. மலாக்கா மாநிலத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு பயிலும் சிறுமி எழுதிய கற்பனைக் கட்டுரையை அவளுடைய ஆசிரியை அண்மையில் நம்மிடம் காட்டினார். தோட்டத்தில் வெள்ளம் புகுகிறது. நிலா என்னும் இயந்திரப் பெண் பறந்து வந்து, லயத்துப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தூக்கிக் கரைசேர்க்கிறாள். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டதும் மின்கலம் தீர்ந்துவிடுகிறது. 'நிலா பறந்து வந்தாள்' என்று தொடங்கிய சிறுமி, 'நிலா சேற்றில் கிடந்தது' என்று முடித்திருந்தாள். ஆசிரியை அவ்விரு வினைமுற்றுகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டுத் 'திணை மயக்கம்' என்றெழுதி மதிப்பெண் குறைத்திருந்தார். குறைத்தது முறைதானா என்பதே அவர் நம்மிடம் கேட்டது.

நிலாவைச் சிறுமி எங்கிருந்து பெற்றாள் என்பது வெளிப்படை. சங்கர் இயக்கி 2018 நவம்பரில் வெளிவந்த '2.0' படத்தில் எமி ஜாக்சன் நடித்த இயந்திரப் பாத்திரத்தின் பெயர் அது. அறிவியலாளர் வசீகரனின் உதவியாளராக வரும் நிலாதான், தகர்ந்துபோன சிட்டியை மீட்டு மீண்டும் எழுப்புவது. (எழுப்புவது என்று நாம் சொன்னதில் திணை தெரிகிறதா? தெரியாது. தொழிற்பெயரின் வசதி அது.) சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' புதினத்திலும் நாயகி பெயர் நிலா, ஆனால் அவள் மானிடப் பெண், உடன்வரும் ஜீனோ என்னும் நாயே இயந்திரம்.

2010இல் வந்த முதற்படத்துக்கு 'ரோபோ' என்றே முதலில் எண்ணியிருந்தனர். பின்னர் 'எந்திரன்' ஆயிற்று. சங்கப் பாடல்களில் கரும்பு பிழியும் ஆலைக்குப் பெயர் எந்திரம். அஃறிணைப் பெயரான அதன் ஈற்றில் ஆண்பால் விகுதி ஏறியவுடன் ஆலை ஆளாகிவிட்டது. ஒரு மெய்யெழுத்து செய்த வேலை! பெண்ணுக்கு என்ன செய்வது? எந்திரி என்றால் எழுந்திரு என்பதன் பேச்சு வடிவம் போலாகும். எந்திரள் வழக்கில் ஒட்டாது. படைத்தோர் அந்தச் சிக்கலுக்குள் போகாமல் இயற்பெயர் இட்டுத் தப்பினர். ஆனால் இயற்பெயரிலும் சிக்கல் உண்டு. சாத்தி என்றால் பெண்ணும் ஆகலாம், பசுவும் ஆகலாம். வந்தாள், வந்தது என்னும் வினைதான் காட்டும். இத்தகையவற்றை விரவுப்பெயர் என்பர். நிலாவும் இன்று விரவுப்பெயர்தான்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். நிலா முழுப் பொறி. சைபோர்க் என்பது வேறு: உயிருடலோடு பொறி இணைந்தது. 1960இல் கிளைன்சு, கிளைன் என்னும் இரு அறிவியலாளர் விண்வெளிப் பயணத்தை எண்ணி ஆக்கிய சொல் அது. 1995இல் வந்த 'கோஸ்ட் இன் த ஷெல்' என்னும் ஜப்பானிய உயிரோவியப் படத்தின் நாயகி மொத்தோக்கோ அவ்வகை. மூளை மனித மூளை, உடல் ஆலையில் செய்தது. அவளை அது என்பார் யார்? அவ்வளவு தொலைவு போக வேண்டியதும் இல்லை. நம் அண்டை வீட்டு மூதாட்டி முப்பதாண்டு பால்மரம் வெட்டியவர். இன்று அவர் நெஞ்சில் இதயமுடுக்கி, முழங்காலில் உலோக மூட்டு. மின்கலத்தால் ஓடும் அவரை நாம் அவர் என்றே சொல்கிறோம். சைபோர்க்குக்குத் தமிழ் வேண்டுமெனில் 'பொறியுடலி' என்று சொல்லிப் பார்க்கலாம். தொழிலாளி ஆள், கணினி பொருள். இரண்டுக்கும் இகர ஈறு ஒத்துப்போகிறது. திணையை அது முன்கூட்டியே முடிவுசெய்வதில்லை.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, மக்கள் என்று சுட்டப்படுவதை உயர்திணை என்கிறார். சுட்டு என்னும் சொல்லை மாணவர்கள் கருத வேண்டும். தசையும் குருதியும் பற்றி அவர் பேசவில்லை. சுட்டுவோர் கருத்தைப் பேசுகிறார். பின்வந்த நன்னூலார் தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டார். கண்ணால் காணாதவர்க்கே இடங்கொடுத்த இலக்கணம், கண்முன் பேசும் பொறிக்குக் கதவடைக்கும் என்று நாம் நம்பவில்லை.

அதே கிளவியாக்கத்தில் இன்னொரு நூற்பா உண்டு. பொருளால் மக்களே ஆயினும் சொல்லால் அஃறிணை முடிபு கொள்ளும் பெயர்களை அது அடுக்குகிறது. குழவி அதில் உண்டு, பெண்மை உண்டு, அடிமையும் உண்டு. முதன்முறை கற்றபோது இவ்வரிசை நம்மை உறுத்தவில்லை. தோட்டத்தை நினைத்தபடி மீண்டும் படித்தபோது உறுத்தியது.

ரோபோ என்னும் சொல் செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக்கின் 1920ஆம் ஆண்டு நாடகத்தில் பிறந்தது. 'ரோபோத்தா' என்றால் அம்மொழியில் கட்டாய உழைப்பு. இரும்பு என்றோ பொறி என்றோ பொருளில்லை. இனி நம் சொல்லைப் பாருங்கள். வள்ளுவர் முயற்சிக்குக் கிடைக்கும் பயனைக் கூலி என்றார். வெள்ளையர் ஆட்சியில் ஊதியத்தின் பெயர் உழைப்பவரின் பெயராயிற்று. மலாயாவில் சஞ்சிக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழி ஆள்சேர்ப்பு 1938 வரை நீடித்தது. பெயர் மட்டும் எளிதில் போகவில்லை. நாம் பிறந்தது ஜாசின் வட்டாரத் தோட்டம் ஒன்றில். விடியுமுன் பெரட்டில் 'இன்னிக்கு எத்தனை ஆள் வந்துச்சு?' என்று கிராணியார் கேட்கும் குரல் இன்னும் காதில் இருக்கிறது. வந்தது என்பது அங்கே கணக்கு. நம் தாயாரும் அந்தக் கணக்கில் ஓர் எண்.

ஆயினும் அஃறிணை முடிபெல்லாம் இழிவு என்றும் சொல்லிவிட முடியாது. 'புள்ள தூங்குது', 'அம்மா வந்துச்சு' என்று லயத்தில் சொல்வதில் அன்பன்றி வேறில்லை. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவற்றால் திணை மாறலாம் என்று நன்னூலாரும் ஒப்புகிறார். மலாய்மொழியில் ஆளுக்கு 'டியா', பொருளுக்கு 'இயா' என்று எழுத்து வழக்கில் பிரிக்கின்றனர். ஆயினும் அங்கே வினைச்சொல் மாறாது. தமிழில் வாக்கியத்தை முடிக்க வேண்டுமெனில் வினைமுற்றில் அவளா, அதுவா என்று சொல்லியே ஆக வேண்டும். பதின்மூன்று அகவைகூட நிறையாத பிள்ளையும் அம்முடிவை எடுத்தாக வேண்டும்.

அச்சிறுமி எடுத்திருக்கிறாள். பிள்ளைகளைத் தூக்கும்போது பறந்தாள், கேட்டாள், சிரித்தாள் என்று ஒரே சீராக எழுதியவள், மின்கலம் தீர்ந்த பின்னரே கிடந்தது என்கிறாள். உயிர் நீங்கிய உடலைப் பிணம் கிடந்தது என்று சொல்வதுதானே நம் வழக்கு? தான் அறிந்த தமிழைக் கொண்டு நிலாவுக்கு ஒரு சாவைக் கொடுத்திருக்கிறாள். ஒரே நிலையில் இருக்கும் நிலாவைக் காரணமின்றி வந்தாள் என்றும் போயிற்று என்றும் எழுதியிருந்தால் அது மயக்கம், குறைக்கலாம். இது அன்று.

ஆகவே அவ்விரு வட்டங்களையும் அடித்துவிட்டு மதிப்பெண்ணைத் திருப்பித் தரும்படி ஆசிரியையிடம் சொன்னோம். ஒன்றை மட்டும் திருத்தச் சொன்னோம். அவள் 'மின்களம்' என்று எழுதியிருந்தாள். வட்டம் போட வேண்டிய அந்த ளகரத்தை ஆசிரியை பார்க்கவே இல்லை.