எதை முன்னே காண்பது?



காண விரும்பும் இடங்கள் இரண்டு. ஆனால் கைப்பொருளும் உடல் வலிவும் ஓர் உலாவுக்கே இடந்தருகின்றன. அந்நிலையில் எதை முன்னே காண்பது என்னும் கேள்வி பலருடைய வீடுகளிலும் எழுவதுண்டு. எங்கள் வீட்டில் அது சென்ற ஐப்பசியில் எழுந்தது. ஓரிடம் ஒகேனக்கல், மற்றொன்று தனுஷ்கோடி.

இரண்டும் தமிழ்நாட்டிலேயே உள்ளவை. ஆயினும் ஒன்றுக்கொன்று முற்றும் மாறானவை. தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர் சென்றால் ஒகேனக்கல். காவிரி அங்கே பாறைகளைப் பிளந்துகொண்டு பல கிளைகளாகப் பிரிந்து வீழ்கிறது. எழும்பும் நீர்த்திவலை புகையெனத் தோன்றுவதால், கன்னட மொழியில் ‘புகையும் கல்’ என்று பொருள்படும் பெயர் அதற்கு அமைந்தது. ஓங்கி நிற்கும் பாறைச் சுவர்களுக்கு நடுவே பரிசலில் செல்வதே அவ்விடத்தின் தனிச் சிறப்பு. மூங்கிலால் வட்டமாகப் பின்னிய அப்பரிசலுக்கு முன்பெல்லாம் தோல் போர்த்தினர். இப்போது பிளாஸ்டிக் விரிப்புப் போர்த்துகின்றனர். முன்புறம் பின்புறம் என்று இல்லாத ஓடம் அது. ஒற்றைத் துடுப்பைக் கொண்டு பரிசல்காரர் அதனைச் சுழலாமல் செலுத்துவதைப் பார்ப்பதே ஒரு பாடம்.

தனுஷ்கோடியோ கடலுக்குள் நீண்டு கிடக்கும் மணல் நாக்கு. ஒருபுறம் பாக் நீரிணை. மறுபுறம் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும், பின்னதை ஆண் கடல் என்றும் அப்பகுதி மக்கள் கூறுவர். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், புகைவண்டியில் வந்தவர்கள் இங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சென்றனர். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் ஊரை அழித்தது. வந்துகொண்டிருந்த புகைவண்டியையும் பயணிகளோடு கடல் கொண்டது. மாதா கோவிலின் சுவர்களும் நிலையத்தின் இடிபாடுகளும் எஞ்சின. 2017ஆம் ஆண்டு முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை உள்ளது. திணை வகுப்பதானால் இதனை நெய்தல் என்றே கூற வேண்டும். ஆனால் அந்த மணற்பரப்பைக் கண்டவர்க்குப் பாலை என்று எழுதவே கை முந்தும்.

தேர்வில் பாதியைப் பருவமே செய்துவிடுகிறது. ஒகேனக்கல்லின் நீர் அங்குப் பெய்யும் மழையை மட்டும் நம்பியதன்று. தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் பெய்து, கிருஷ்ணராஜ சாகரமும் கபினியும் நிரம்பித் திறக்கப்பட்டால் இங்கே வெள்ளம் பெருகும். அப்போது பரிசலுக்கும் குளியலுக்கும் தடை விதிப்பர். கோடையிலோ பாறைகளே மிகுதியாகத் தெரியும். தனுஷ்கோடிக்கு ஐப்பசி, கார்த்திகை புயற்காலம். சித்திரையில் மணல் காலைச் சுடும். ஒதுங்க நிழலும் இல்லை. தையும் மாசியுமே ஏற்றவை.

மற்றப் பாதியைத் தீர்மானித்தவை என் மனைவியின் கண்கள். அவளுக்குக் குளுக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் இருப்பதாக மருத்துவர் கண்டறிந்திருந்தார். இந்நோயில் பார்வை நரம்பு மெல்ல மெல்ல நலிகிறது. நேரே உள்ளது நெடுங்காலம் தெளிவாகத் தெரியும். பக்கப் பார்வைதான் முதலில் சுருங்கும். ஆதலால் பலர் நோயை உணர்வதே இல்லை. இழந்த பார்வை மீளாது. மருந்து எஞ்சியதைக் காக்கும். நாற்பது வயதைக் கடந்தவர்கள், அதிலும் குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்கள், கண்ணைச் சோதித்துக்கொள்வது நன்று.

இதனை எண்ணியபோது எனக்கு ஒன்று விளங்கியது. ஒகேனக்கல்லைக் காதும் காணும்; முகத்தில் தெறிக்கும் துளியால் உடலும் காணும். பார்வை சிறு சாளரமாகச் சுருங்கினாலும் ஓர் அருவி அதற்குள் அடங்கும். தனுஷ்கோடி அவ்வாறு அடங்காது. அங்கே காண்பதற்கு உள்ளது அகலம் ஒன்றே. இரு கடல்களும் இரு கடைக்கண்களில் ஒரே வேளையில் தோன்ற வேண்டும். ஆகவே அதையே முன்னே காண வேண்டும் என்றேன்.

அவள் இசையவில்லை. “என் கண்ணுக்காகப் பிள்ளையின் ஆசையைத் தள்ளாதீர்கள்” என்றாள். பன்னிரண்டு வயதுப் பேரன் பரிசலையே கனவு கண்டுகொண்டிருந்தான். நோயைப் பற்றி அவனிடம் ஒன்றும் கூற வேண்டாம் என்றும் அவள் தடுத்துவிட்டாள். நான் இந்தியப் படத்தை விரித்துக் காவிரியின் போக்கையும் அணைகளையும் அவனுக்குக் காட்டினேன். சிறிது நேரம் பார்த்தவன், “தாத்தா, மாசியில் ஆற்றில் தண்ணீர் குறைவாகத்தானே இருக்கும்?” என்று கேட்டான். ஆம் என்றேன். “அப்படியானால் கடலுக்கே போவோம், பரிசல் ஆவணியில்” என்று தானே முடித்துவிட்டான்.

மாசியில் சென்றோம். குடிநீரும் குடையும் கொண்டு, வெயில் ஏறுமுன் அரிச்சல்முனையை அடைந்தோம். மாலைக்குப் பின் அங்கே தங்க விடுவதில்லை, காலையே நன்று. என் மனைவி முனையை நோக்கி அசையாது நின்றாள். சற்றுப் பொறுத்து, “இடப்பக்கம் வெளிர் பச்சை, வலப்பக்கம் நல்ல நீலம்” என்றாள். தலையைத் திருப்பாமலே சொன்னாள். நான் அதையே கவனித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது பேரன் நாள்தோறும் நாளேட்டில் ஒகேனக்கல்லின் நீர்வரத்தைப் பார்த்துப் பாட்டியிடம் படித்துக் காட்டுகிறான். வெள்ளம் தணிந்து, பரிசலுக்கு விதித்த தடை நீங்கியதும் புறப்படுவதாக இருக்கிறோம்.