வக்கீல் குமாஸ்தா உத்தியோகம்

(திருவல்லிக்கேணியில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

  

பள்ளிப் படிப்பு முடித்த நம் வாலிபர் சிலர் வக்கீலிடம் குமாஸ்தாவாக அமரலாமா என்று விசாரிக்கின்றனர் என்றும், அத்தொழிலில் முப்பது வருஷத்திற்கு மேல் உழைத்த நாம் அதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டுமென்றும் காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். மேல்நாடுகளில் இவ்வேலை செய்வோரைப் பாராலீகல் என்பர். அங்கே இதற்குத் தனிப் படிப்பும் சான்றிதழும் உண்டு. நம் ஊரிலோ வக்கீல் வீட்டு முன்னறையே பள்ளிக்கூடம்.

குமாஸ்தா என்பவன் கட்டுச் சுமக்கிறவன் என்பது வெளியார் எண்ணம். கட்டுச் சுமப்பதும் உண்டு, மறுக்கவில்லை. பிராதுக்குக் கோர்ட்டு பீஸ் சரிபார்த்துத் தாக்கல் செய்வது, குறை சொல்லித் திருப்பினால் கெடுவுக்குள் சரிசெய்து மறுபடி போடுவது, நம்பர் ஆயிற்றா என்று அறிவது, வாய்தாவை டைரியில் குறிப்பது ஆகிய யாவும் அவனைச் சேர்ந்தவை. இவற்றுள் நகல் வாங்கும் வேலை ஒன்றைமட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறோம்.

கீழ்க் கோர்ட்டின் தீர்ப்பு நகலும் டிக்கிரி நகலும் வைத்தே அப்பீல் போடுவது வழக்கம். ஹைக்கோர்ட்டுக்கு 90 நாளும் மற்றக் கோர்ட்டுகளுக்கு 30 நாளும் அப்பீல் கெடு. 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நகல் பெறுவதற்கு வேண்டிய காலத்தை அக்கெடுவினின்றும் கழித்துவிடுகிறது. மனுப் போட்ட நாள், ஸ்டாம்பு கேட்ட நாள், கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று நகலின்மேல் வரிசையாகக் குறித்திருப்பார்கள். ஆனால் நம் பக்கத்து அசட்டையால் வீணான நாட்கள் கழியமாட்டா. ஸ்டாம்பு கேட்ட விவரம் நகல் ஆபீஸ் பலகையில் போடப்படும்; யாரும் வீடு தேடி வந்து சொல்லுவதில்லை.

நாம் வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம், ஆவணி மாதத்தில் தங்கையின் விவாகத்திற்காக ஊருக்குப் போனோம். பலகையைப் பார்க்கும்படி வேறொருவரிடம் சொல்லிப் போகவில்லை. திரும்பி வந்து பார்க்கையில் ஸ்டாம்பு கேட்டுப் பதினொரு நாள் ஆகியிருந்தது. அப்பீல் கெடு தவறிற்று. கட்சிக்காரர் ஒரு விதவை; ஓட்டுவீடு ஒன்றே அவருடைய சொத்து. தாமதத்தை மன்னிக்கவேண்டி 5-ஆம் பிரிவின்படி மனுப் போட்டோம். எதிர்க்கட்சியார் பலமாக ஆட்சேபித்தார்கள். செலவுத்தொகை கட்டவேண்டுமென்னும் நிபந்தனையின்பேரில் கோர்ட்டார் மன்னித்தார்கள். வக்கீல் ஐயா அத்தொகையைத் தம் கையினின்றும் கட்டி, “எங்கள் ஆபீஸ் தவறு, அம்மா” என்று மட்டும் சொன்னார். நம் பெயரை வெளியிடவில்லை. உத்தரவு வருமட்டும் அந்த அம்மாள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து, “தம்பி, வீடு நிற்குமா?” என்று நம்மையே கேட்பார். தவறு செய்தவன் நானே என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. அப்பீல் பின்னர் ராஜியாகி வீடு நிலைத்தது. சொல்லாமல் விட்டது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

வருமானம் எப்படி என்று தாய்மார்கள் கேட்பார்கள். சம்பளம் சொற்பம். கட்சிக்காரர் கொடுக்கும் குமாஸ்தா பீஸைக் கொண்டே குடும்பம் நடத்தவேண்டும். கோடை விடுமுறையில் அதுவும் குறையும். பென்ஷன் கிடையாது. 1999-இல் வக்கீல் குமாஸ்தாக்களின் சேமநல நிதிக்கென்று தமிழ்நாட்டில் சட்டம் ஏற்பட்டது ஓர் ஆறுதல். நம்பரை முன்னே தள்ளித் தருவதாகக் கட்சிக்காரரிடம் பணம் பறிப்போரும் இத்தொழிலில் உளர். அவர்களைப்பற்றிப் பேசினால் இக்கூட்டம் இன்று கலையாது.

ஹைக்கோர்ட்டில் சிலையாக வீற்றிருக்கும் ஸர் டி. முத்துசாமி ஐயர், மாதம் ஒரு ரூபாய்க்குக் கிராமக் கணக்கருக்கு உதவியாளாயிருந்து, பின்பு அக்கோர்ட்டின் முதல் இந்திய நீதிபதியானவர். இதைச் சொல்லிப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், அவர் பரீக்ஷை தேறி மேலேறினார் என்பதை மறந்துவிடுகின்றனர். குமாஸ்தாவாயிருந்த வருஷங்கள் எவரையும் வக்கீலாக்கமாட்டா. அதற்குச் சட்டப் பட்டம் வேண்டும். கல்லூரி வகுப்பும் பகலில், கோர்ட்டும் பகலில். ஆகையால் படிக்க வசதியுள்ள பிள்ளை முதலில் படிக்கட்டும்.

மின்னணுத் தாக்கல் வந்தபின் குமாஸ்தா எதற்கு என்பாரும் உளர். குறையென்று திரும்பிய மனு கணினித் திரையில் கிடந்தாலும், தினந்தோறும் அதைத் திறந்து பார்க்க ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. பிழைப்புக்காகவன்றித் தொண்டாகச் செய்ய விரும்பும் நம் பெண்மக்கள், தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009-இல் தொடங்கிய சட்டத் தன்னார்வலர் திட்டத்தை விசாரிக்கலாம். பணி செய்த நாளுக்கு மதிப்பூதியம் மாத்திரம் உண்டு.

இவ்வளவும் கேட்டபின்னும் விருப்பமுள்ள வாலிபர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் வீட்டிற்கு வரட்டும். பழைய நகல் ஒன்றை எடுத்து வைத்திருப்போம். அதிலுள்ள ஐந்து தேதிகளைக் கொண்டு அப்பீலுக்குக் கடைசி நாள் எதுவென்று கணக்கிட்டுக் காட்டவேண்டும்.