கடைமடைக்கும் பாயட்டும் உயர்கல்வி
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லணையில் நீரைத் திறந்துவிட்ட அளவிலேயே காவிரிப் படுகை விளைந்துவிடுவதில்லை. திறந்த நீர் ஆறாகவும் வாய்க்காலாகவும் கிளை வாய்க்காலாகவும் பிரிந்து, மதகு பல கடந்து, கடைமடைக்குச் சென்று சேர்தல் வேண்டும். மேட்டூரணையைச் சூன் 12-இல் திறப்பது நெடுநாளைய வழக்கம். ஆனால் தலைஞாயிற்று உழவர்க்கு அந்நாள் பெரிதன்று. தம் வயலில் நீர் ஏறிய நாளே அவர்க்கு நீர் வந்த நாள். உயர்கல்விக்கும் அளவுகோல் இதுவே. பல்கலைக்கழகம் எவ்வூரில் எழுந்தது என்பதினும், அதன் அறிவு எவ்வூர் வரை பாய்ந்தது என்பதே கேட்கத்தக்க வினாவாகும்.

2025 ஏப்பிரலில், குடந்தையில் கலைஞர் பெயரால் ஒரு புதுப் பல்கலைக்கழகம் நிறுவுதற்கான சட்டவரைவைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றியது. 1982-இல் திருச்சியில் நிறுவப்பெற்ற பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த தஞ்சை, திருவாரூர், நாகை முதலிய மாவட்டங்களின் கல்லூரிகளுக்கு அண்மையிலேயே ஒரு தலைமையிடம் அமைப்பது அவ்வரைவின் நோக்கம். முதலமைச்சரே வேந்தராவார் என்பதும் அதன் கூறு. ஆளுநரோ ஒப்பமிடாது, அதனைக் குடியரசுத் தலைவரின் பார்வைக்கு அனுப்பினார். தமிழர் தேர்ந்த மன்றம், தமிழர் வரிப்பணத்தால், தமிழ் மண்ணில் ஒரு கல்விக்கூடம் எழுப்புதற்கும் தில்லியின் தலையசைப்பு வேண்டியிருத்தல் யாங்ஙனம் முறையாகும்? எனினும், அதனினும் அடிப்படையான வினா ஒன்றுண்டு. அப் பல்கலைக்கழகம் எந்நாளில் எழினும், எப்பெயர் தாங்கினும், அதனுள் எம்மொழியில், எவர்க்கு, எதனைக் கற்பிப்பர்?

குடந்தை கல்விக்குப் புதிய ஊரன்று. அங்குள்ள அரசினர் கல்லூரி 1854-இல் பள்ளியாகத் தோன்றியது. உ.வே. சாமிநாதர் 1880-இல் அங்கே தமிழாசிரியராய் அமர்ந்தார். ஏட்டுச்சுவடிகளில் மங்கிக் கிடந்த சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றியது அங்குப் பணியாற்றிய காலத்திலேயே. அதே கல்லூரியில் 1904-இல் சேர்ந்த கணக்கறிஞர் இராமானுசன், ஆங்கிலக் கட்டுரைத் தேர்வில் தவறி, உதவித்தொகையை இழந்து, கல்லூரியினின்றும் வெளியேறினார். அவர் கணக்கிலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்தார் என்பது உண்மையே. ஆயினும், பின்னாளில் உலகம் வியந்த ஒரு மூளையை அயன்மொழிக் கட்டுரைத்தாள் ஒன்றால் அளந்து வாயிலுக்கு வெளியே நிறுத்திய அமைப்பு எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். இராமானுசனுக்குக் கேம்பிரிட்சிலிருந்து ஆர்டி என்னும் பேராசிரியர் கைகொடுத்தார். கடைமடைச் சிற்றூர்ப் பிள்ளைக்குக் கைகொடுப்பார் யார்?

பன்னிரண்டாம் வகுப்பு வரை இயற்பியலும் உயிரியலும் தமிழில் கற்றுத் தெளிந்த பெண்ணொருத்தி, கல்லூரியில் கால்வைத்த முதல்நாளே ஊமையாக்கப்படுகின்றாள். ஐயம் கேட்க அஞ்சுகின்றாள், விளங்காததை உருப்போடுகின்றாள், தேர்வில் தவறினால் தன் அறிவையே பழித்துக்கொள்கின்றாள். பழி அவள் அறிவுக்குரியதன்று. மதகை அடைத்து வைத்தாரைச் சாரும்.

1911 என்னும் ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். அவ்வாண்டு மே மாதத்தில் தஞ்சைக் கரந்தையில் தமிழ்ச் சங்கம் தோன்றியது. அடுத்த மாதத்தில், வடகடலின் நடுவே உள்ள ஐசுலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் தோன்றியது. அந்நாட்டின் அற்றை மக்கள் தொகை ஓரிலக்கத்திற்கும் குறைவு. நாடோ தென்மார்க்கு அரசின் கீழிருந்தது. இருந்தும் அவர்கள் தம் பல்கலைக்கழகத்தில் தம் மொழியை அரியணை ஏற்றினர். அதனினும் பன்மடங்கு மக்கள் வாழ்ந்த தஞ்சை மாவட்டத்திலோ, தமிழவேள் உமாமகேசுவரனார் தலைமையில் கரந்தைச் சங்கத்தார் தமிழுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1920-களிலேயே குரலெழுப்பினர். 1929-இல் தில்லையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. தமிழாராய்ச்சிக்கு அது ஆற்றிய தொண்டு பெரிது. எனினும் பிற துறைகளுக்குப் பாடமொழி ஆங்கிலமே ஆயிற்று. தமிழவேள் 1941-இல் மறைந்தார். அதற்குப் பின்னும் நாற்பதாண்டு கழிந்தே, 1981 செப்டம்பர் 15-இல், தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அமைந்தது.

வ.அய். சுப்பிரமணியனாரை முதல் துணைவேந்தராகக் கொண்ட அப் பல்கலைக்கழகம், ஓலைச்சுவடித் துறை கண்டது. அறிவியற் களஞ்சியமும் வாழ்வியற் களஞ்சியமும் தொகுத்தது. பொறியியல், மருத்துவப் பாடநூல்களையும் தமிழில் வெளியிட்டது. விளைந்தது என்ன? நூல்கள் நூலகத்திலே நின்றன. அவற்றைக் கொண்டு கற்பிக்கும் வகுப்பறைகள் எழவில்லை. நாற்றங்காலில் நாற்று விட்டு, நடுதற்கு வயலில்லாது விட்ட கதை அது. தமிழைப் பற்றி ஆராயும் பல்கலைக்கழகம் வேறு. எல்லாவற்றையும் தமிழில் கற்பிக்கும் பல்கலைக்கழகம் வேறு. முன்னது தஞ்சைக்குக் கிடைத்தது. பின்னது இன்னும் தமிழர்க்கு வாய்க்கவில்லை.

2009-இல் திருவாரூருக்கு நடுவண் பல்கலைக்கழகமும் வந்தது. நெல்வயல்களின் நடுவே அமைந்த அக்கழகத்தின் பாடமொழியும் ஆங்கிலம். மாணவர் சேர்க்கையோ இந்தியா முழுமைக்குமான நுழைவுத்தேர்வின் வழியது. வயலின் நடுவே பெருங்கால்வாய் ஓடுகின்றது; கரையிலிருக்கும் வயலுக்கு மடையில்லை!

“தமிழிற் கற்றால் உலக அறிவு கிட்டுமா? வேலை கிட்டுமா?” என்பார் உளர். அறிவு கிட்டும் என்பதற்கு யாழ்ப்பாணமே சான்று. கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் தாமே தமிழ் கற்று, மானிப்பாயில் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்; உடலியல் நூல்களையும் மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அயல்நாட்டார் ஒருவர்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதோ? வேலை என்பதோ அரசின் கொள்கையைப் பொறுத்தது. தமிழ்வழிக் கற்றார்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2010-இல் பிறந்தது. அவ்வாண்டே அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலில் கட்டுமானவியலையும் எந்திரவியலையும் தமிழில் தொடங்கியது. வழி உண்டு, அகலப்படுத்தத்தான் ஆளில்லை. ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்கு கற்பிக்கட்டும். அதனை எல்லா அறிவுக்கும் காவற்காரனாக நிறுத்த வேண்டா.

இனி, எதனைக் கற்பிப்பது? நெற்பயிரின் ஒவ்வொரு பருவத்திற்கும் தஞ்சை உழவரிடம் சொல் உண்டு: தூர்கட்டுதல், சூல்கட்டுதல், கதிர்விடுதல், பால்பிடித்தல், முற்றுதல். நீரை ஆளுதற்கும் மதகு, மடை, கலிங்கு, வடிகால் என்று சொற்கள் உள. இத்துணைக் கலைச்சொற்களோடு வரும் உழவர் மகனுக்கு, அவன் அறிந்த பொருளையே அறியாத பெயரால் கற்பித்து, அவன் தந்தையின் அறிவை அறியாமை என்று எண்ணச் செய்வதா வேளாண் கல்வி?

ஆடுதுறையில் 1922 முதல் நெல்லாராய்ச்சி நடந்து வருகின்றது. திருத்துறைப்பூண்டி வட்டத்து ஆதிரெங்கத்தில், நெல் செயராமனார் நூற்றுக்கு மேற்பட்ட மரபு நெல்வகைகளைத் தேடி மீட்டு, 2018-இல் மறையும் வரை உழவரிடையே பரப்பினார். வெள்ளம் தாங்கும் காட்டுயானமும், உவர்நிலம் தாங்கும் குழியடிச்சானும் அவற்றுள் அடங்கும். இவ்விரு வகை அறிவும் ஒரே வகுப்பறையிற் சந்தித்தல் வேண்டும். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகைக் கரையை விழுங்கியது. 2018 நவம்பரில் கசாப் புயல் மறைக்காட்டுத் தென்னையை வேரோடு சாய்த்தது. கடலோர நிலத்தடி நீர் உவர்ந்து வருகின்றது. காவிரிப் படுகை 2020-இல் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாயிற்று. அந் நிலத்தைக் காக்கும் அறிவை வளர்ப்பதன்றோ அங்கெழும் பல்கலைக்கழகத்தின் முதற்கடன்?

எவர்க்குக் கற்பிப்பது என்பதற்கும் அம்மண்ணே விடை கூறும். 1968 திசம்பர் 25 இரவில், கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரியுண்டனர். அவருட் பெரும்பாலார் பெண்டிரும் பிள்ளைகளுமே. அம்மக்களின் பேரப் பிள்ளைகள் தலைநிமிர்ந்து நுழையாத பல்கலைக்கழகம், எத்துணை உயர்ந்த கோபுரம் உடையதாயினும், அம்மண்ணுக்கு உரியதாகாது.

ஆகலின், தமிழ்ப் பெருமக்களே, புதுப் பல்கலைக்கழகத்திற்கு மூன்று கட்டளைகளை மக்கள் இடுதல் வேண்டும். ஒன்று, எல்லாத் துறையிலும் பாடமும் தேர்வும் ஆய்வேடும் தமிழில் அமைக; உள்ள தமிழ்ப் பாடநூல்களைப் புதுக்கி வகுப்பறைக்குக் கொணர்க. இரண்டு, நீர், நெல், கடற்கரை ஆகியவற்றுக்குத் தனித்துறைகள் காண்க. பட்டறிவுடைய உழவரையும் மீனவரையும் அங்கே ஆசிரியராய் அமர்த்துக. மூன்று, எல்லாவற்றையும் குடந்தையிலேயே குவிக்காது, மறைக்காடு, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை போன்ற கடைமடை ஊர்களில் கிளைகளும் விடுதிகளும் அமைத்து, குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி காண்பார்க்கு முதலிடம் நல்குக.

தூர்வாராத வாய்க்காலில் நீர் விடுவது, நீரையும் இழந்து நிலத்தையும் இழப்பதாகும். கல்வி வாய்க்காலில் நூற்றாண்டாய்ப் படிந்த வண்டல் அயன்மொழி. அதனை அகற்றும் மண்வெட்டி மக்கள் கையிலேயே உள்ளது. ஊர்தோறும் இக் கோரிக்கையை எழுதிக் கையொப்பம் திரட்டுங்கள். வாக்குக் கேட்டு வருவாரிடம் முதல் வினாவாக இதனை வையுங்கள். கடைமடை வயல் நனையும் நாளே கல்வி வந்த நாள்!

வாழ்க தமிழ்!