கணையமும் ஒரு காட்டு மரமும்

இன்று பட்டம் பெறும் இளம் வைத்தியர்களே!

புதுவையின் வில்லியனூர்த் தேரடியையும் பாகூர் ஏரிக்கரையையும் கடந்து இம்மண்டபம் வந்து சேர்ந்த நான், வைத்திய சாஸ்திரம் இன்றளவும் தலைகுனிந்து நிற்கும் கணையப் புற்றுநோயைப் பற்றியே உங்களிடம் பேச விரும்புகிறேன்.

இரைப்பைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் அவ்வுறுப்பில் தோன்றும் கட்டி, வலியும் காமாலையும் காட்டுவதற்குள் பெரும்பாலும் அறுவைக்கு எட்டாத நிலையை அடைந்துவிடுவதால், ஔஷதம் ஒன்றையே நம்பி நிற்போரே இந்நோயாளிகளில் மிகுதி. மன்ரோ வாலும் மராட்டிய தேசத்தில் பிறந்த மன்சுக் வானியும் 1966-இல் ஒரு சீன மரத்திலிருந்து பிரித்தறிந்த, புற்றணுக்களைக் கொல்லும் கேம்டோதெசின் என்னும் பொருளை, சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனம் போதித்தவரான டி. ஆர். கோவிந்தாச்சாரி, பின்னர் பம்பாய் ஆய்வுக்கூடமொன்றில் விசுவநாதன் என்பவருடன் சேர்ந்து, நமது மேற்குத் தொடர்ச்சி மலையின் சிறு மரமொன்றிலும் கண்டு 1972-இல் வெளியிட்டார். நஞ்சு மிகுதியால் கைவிடப்பட்ட அப்பொருளை ஜப்பானிய ரசாயனிகள் திருத்தியமைத்ததால் பிறந்ததே இரினோடிகேன். புதுவையோடு பழைய உறவுடைய பிரான்சு தேசத்து வைத்தியர்கள், அதனுடன் வேறு மூன்று மருந்துகளைக் கூட்டிக் கொடுத்து, நோய் பரவியவர்களின் இடைநிலை உயிர்வாழ்வுக் காலத்தை 6.8 மாதத்திலிருந்து 11.1 மாதமாக நீட்டியதை 2011-இல் அறிவித்தார்கள். நான்கு மாதம் அற்பமென்று எண்ணாதீர்கள். ஒரு சம்பாப் பயிர் நாற்றங்காலிலிருந்து களத்துமேட்டுக்கு வந்து சேரும் காலம் ஏறக்குறைய அதுதான்.

கணையக் கட்டிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை முடுக்கிவிடுவது கே-ராஸ் என்னும் மரபணுவின் பிறழ்ச்சி. அதன் புரதம் மருந்து பற்றி நிற்க இடமற்றது என்றே முப்பது ஆண்டுகள் நம்பியிருந்த உலகுக்கு, ஆய்வாளர் கெவன் ஷோகாட்டின் குழுவினர் 2013-இல் அதிலொரு குழிவைக் காட்டினார்கள். ஆனால் அக்குழிவுள்ள பிறழ்ச்சி வகை கணையத்தில் அரிது. மிகுதியாக உள்ள வகைகளுக்கான மருந்துகள் இப்போது நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன.

எத்துணை உத்தமமான மருந்தாயினும், அது கிடைக்குமிடத்துக்கு நோயாளி காலத்தில் வந்து சேர வேண்டுமே என்பதுதான் என் கவலை. ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை கண்டவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு, மூன்றாண்டுகளுக்குள் இப்புற்று வெளிப்படுவதை வைத்திய ஆய்வாளர் சுரேஷ் சாரி 2005-இல் எடுத்துக்காட்டினார். ஆகையால், பாகூர் வயலிலிருந்து ஒரு பெரியவர் வந்து, “புதுசா சர்க்கரைன்னாங்க, வேட்டி இடுப்புல நிக்க மாட்டேங்குது” என்று சொன்னால், மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடாமல், கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுங்கள். அறுப்பு முடியட்டும் என்பார்; அவர் மகனை அழைத்துச் சொல்லுங்கள்.