எமது பெயரைத் தாங்கும் உடை

(நூற்றாண்டு விழா ஆயத்தக் கூட்டத்தில், வைத்தியரான பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நடைபவனிக்கான ரீ-சேர்ட் பற்றிப் பேச வைத்தியர் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். உடை உடம்பில் போடுவது. பெண்கள் தம் உடம்பைப் பற்றி வெளியில் சொல்லத் தயங்குவதை நாளாந்தம் கேட்பவர்கள் நாம். அதனால் இரண்டு வார்த்தை சொல்ல எமக்கும் உரிமை உண்டு.

விழா நாளில் எத்தனை விற்றது என்பது முழுக் கணக்கு ஆகாது. இரண்டு வருடத்தின் பின்னும் ஒருத்தி சந்தைக்குப் போகும்போது அதை விரும்பி எடுத்துப் போடுகிறாளா என்பதே கணக்கு. அது வீடு துடைக்கும் துணியாகிவிட்டால், தரையில் இழுபடுவது எமது இலச்சினை.

முதலில் அளவு. 'இருபாலாருக்கும்' என்று விற்கப்படும் சட்டைகள் பெரும்பாலும் ஆண்களின் உடலமைப்புக்கு வெட்டப்பட்டவை. தோள் தொங்கும், இடுப்பில் இறுக்கும். எம்மில் பதினெட்டு வயதுத் தங்கையும் இருக்கிறாள், எண்பதைத் தாண்டிய அக்காவும் இருக்கிறார். பிள்ளை பெற்றவர்கள், நீரிழிவுக்காரர், கை உயர்த்த முடியாதபடி தோள் இறுகியவர்கள் எல்லோரும் எமது பிள்ளைகளே. "உங்கள் அளவு இல்லை" என்று மேசையில் வைத்து ஒருத்திக்குச் சொன்னால், அவள் அடுத்த ஒன்றுகூடலுக்கு வரமாட்டாள். ஆகவே மிகப் பெரிய அளவும் அதே விலையில் இருக்க வேண்டும். கொழும்பு 'மீடியமும்' ரொறன்ரோ 'மீடியமும்' ஒன்றல்ல. படிவத்தில் மார்பளவையும் நீளத்தையும் அங்குலத்தில் கேட்போம். ஒவ்வோர் அளவிலும் ஒரு மாதிரிச் சட்டை செய்து, போட்டுப் பார்த்த பின் கட்டளை எடுப்போம். கழுத்து இறுக்கமில்லாமலும், முன்பக்கம் பொத்தான் உள்ள ஒரு வகையும் இருந்தால் தோள் நோவுள்ளவர்களுக்கு ஆறுதல்.

இரண்டாவது துணி. எமது வெயிலில் முழு பொலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. நாற்பத்தைந்து, ஐம்பது வயதில் திடீரென உடல் கொதித்து வியர்ப்பதை அறிந்தவர்கள் இங்கே பலர். பருத்தி நல்லது, சதுர மீற்றருக்கு 180 கிராம் அளவில் இருந்தால் உள்ளாடை தெரியாது, பாரமும் இல்லை. பருத்தி முதற் கழுவலில் சுருங்கும், கடும் சிவப்புச் சாயம் சிலவேளை கரையும். மாதிரியை மூன்று முறை கழுவிப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும். இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். சத்திரசிகிச்சை செய்தவர்களின் தோலுக்குத் தடித்த எம்பிராய்டரியின் முரட்டு உட்பக்கம் உறுத்தும். சிறிய இலச்சினை, மெல்லிய அச்சு போதும்.

மூன்றாவது வடிவம். மில்டன் கிளேசர் 1976இல் நியூயோர்க் மாநிலத்துக்காக வரைந்தது மூன்று எழுத்தும் ஓர் இதயமும்தான். இன்றும் உலகமெங்கும் சட்டைகளில் அது இருக்கிறது. ஸ்கிரீன் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் திரை வேண்டும். நிறம் குறைந்தால் செலவும் குறையும். பாடசாலையின் பெயர், இலச்சினை, ஆண்டு. அவ்வளவே. அனுசரணையாளரின் பெயரை முதுகு நிறைய அச்சடித்தால் விழாவின் பின் அதை யார் போடுவார்? அவர்களுக்கு மலரில் ஒரு முழுப் பக்கம் நன்றி சொல்வோம். இலச்சினை பாடசாலையின் சொத்து. அதிபரின் எழுத்துமூல அனுமதி பெற்றே பயன்படுத்துவோம்.

வெளிநாட்டுக் கிளைகளுக்குப் பெட்டி கட்டி அனுப்பினால் கூலியும் சுங்கமும் சட்டையின் விலையைத் தாண்டிவிடும். வடிவத்தையும் நிறத்துக்குரிய பன்டோன் எண்ணையும் அனுப்பினால், இலண்டனிலும் சிட்னியிலும் அங்கேயே அச்சிடலாம். குளிர் நாட்டுத் தங்கைமார் அதையே தடித்த மேற்சட்டையில் போடட்டும்.

இன்னொன்று. உலகப் பெயர்பெற்ற நிறுவனங்களுக்கான உடைகளைத் தைப்பவர்கள் எமது நாட்டுப் பெண்கள். 1978இல் கட்டுநாயக்காவில் வர்த்தக வலயம் தொடங்கிய நாள் முதல் அது அவர்களின் உழைப்பு. யுத்தத்தின் பின் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் தொழிற்சாலைகள் வந்தன. அங்கே மெசினுக்கு முன் இருப்பவர்களில் எம் பழைய மாணவிகளும் இருக்கக்கூடும். விலை பேசும்போது அதை மனதில் வைப்போம். இயன்றால் ஊரில் தையல் நிலையம் நடத்தும் பெண்களிடமே கொடுப்போம்.

முற்பணத்துடன் பெயர் பதிந்த எண்ணிக்கைக்கே அடிப்போம். மேலதிகமாகச் சிறிதளவு போதும். மிஞ்சிய பெட்டிகள் நூலகத்தின் மூலையில் கறையான் பிடிக்கக் கூடாது. வாங்க வசதியில்லாதவர்களுக்கு ஒரு பங்கு ஒதுக்குவோம். யாருக்குக் கொடுத்தோம் என்பது வெளியில் தெரியவும் கூடாது, எந்தப் பதிவிலும் இருக்கவும் கூடாது. வரும் இலாபம் எதற்குப் போகிறது என்பதை, கணக்குடன், அடுத்த பொதுக்கூட்டத்தில் வைப்போம்.

ஒரே வெள்ளைச் சீருடை எம்மில் வசதி உள்ளவளையும் இல்லாதவளையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. நூறாவது வருடத்து உடையும் அதைச் செய்யட்டும். நடைபவனி நாளன்று ஒருத்தியும் அளவில்லை, காசில்லை என்று வீதியோரம் நிற்காதபடி பார்ப்பது எமது பொறுப்பு.

கல்லூரி அன்னை வாழ்க.